பக்கத்து இருக்கையைக் கேட்டவர்

மாதையன் இறந்த செய்தி மாதையனின் எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். சேலத்தில், டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே வரிசையாகப் போட்டிருக்கும் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மனைவி சகுந்தலாவுக்கு இயந்திரத்தில் ஒன்றரை மணி நேரம் முடிந்திருந்தது. இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி. போன் திரையில் அவர் பெயரைப் பார்த்ததும், முந்தின வாரம் பிரேக் சத்தத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேனே, அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "சொல்லுங்க மாதையன், சத்தம் நின்னு போச்சு" என்றேன்.  பதிலுக்கு வந்தது அவருடைய மனைவி ரத்தினம்மாவின் குரல்.

"சார், அவரு இல்லீங்க. காலையில டீ குடிச்சிட்டு வூட்டுக்கு முன்னால சேர்ல உக்காந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாருங்க. போன்ல பேரு இருக்கறவங்களுக்கெல்லாம் நானே சொல்லிட்டு வரேன்."

எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். நாலு மணிக்கு என்றார். வந்துவிடுகிறோம் என்று சொல்லி வைத்தேன். உடனே உள்ளே போய்ச் சகுந்தலாவிடம் சொல்ல முடியாது. இயந்திரத்தில் இருக்கும்போது அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கும். அந்த நேரத்தில் துக்கச் செய்தி கூடாது. ஆகவே அந்த இரண்டரை மணி நேரமும் அவரை நான் தனியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அந்த நாற்காலியில் நினைத்ததுதான்.

மாதையனை அறிந்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். அறியாதவர்களுக்காக இரண்டு வரி சொல்கிறேன். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலைக்குப் பக்கத்து சர்வீஸ் ரோட்டில், ஒரு புங்க மரத்துக்கும் டீக்கடைக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். வயது ஐம்பத்தாறு. ஒன்பதாவது வரை படித்தவர். சிறு வயதில் கர்நாடகத்தில் வேலை பழகியதால் நட்டு முடுக்கும்போது மட்டும் 'ஒந்து, எரடு, மூரு' என்று கன்னடத்தில் எண்ணுவார். போனை எடுக்கமாட்டார். வண்டியை எப்போது தருவீர்கள் என்று கேட்டால், "வண்டி சொல்லும்போது தரேன்" என்பார். அவசரக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது. அவரைக் குறை சொல்லாமல் புகழ்ந்தால் அவர் கையில் பட்ட வண்டிகளே சிரிக்கும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவரைப் பற்றித் தருமபுரி வட்டாரம் முழுக்க ஒரு பேச்சு உண்டு. 'மாதையன்கிட்ட வண்டி உடணும்னா பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போகணும்' என்பார்கள். கேலியாகச் சொல்வதுதான், ஆனால் உண்மை. வண்டி ஓட்டுகிறவரிடம் அவர் அதிகம் கேட்கமாட்டார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவர் யார் என்று கேட்பார். அவர் வந்திருந்தால் அவருக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, டீ சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கேள்வி கேட்பார். வரவில்லை என்றால் அடுத்த நாள் கூட்டி வரச் சொல்வார். அதுவரை பானெட்டைத் திறக்கமாட்டார். மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளைகளை நானே அங்கே பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம் பார்க்கத் தகுந்ததாக இருக்கும்.

காரணம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் இது: "ஓட்டுறவரு வண்டிக்கு வக்கீலுங்க. பக்கத்துல உக்காந்து வர்றவங்க சாட்சி. எனக்கு வக்கீல் வேண்டாம், சாட்சிதான் வேணும்."

ஒருமுறை பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகிற ஒருவர், வண்டி இழுக்கவில்லை என்று வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். மாதையன் வழக்கம்போலக் கேட்டார்.

"கூட யாரு வந்தா?"

"யாரும் வரலீங்கண்ணா. நானும் தக்காளியும்தான்."

"அப்ப தக்காளியத்தான் கேக்கணும்."

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பின்னால் ஏறி ஒவ்வொரு கூடையாகக் கையை விட்டு அழுத்திப் பார்த்தார். இடது பக்கம் கடைசி இரண்டு கூடைகளில் அடியில் இருந்த பழங்கள் மட்டும் வெந்தது போல் குழைந்திருந்தன. இறங்கி நேராக அந்த இடத்துக்குக் கீழே படுத்தார். புகைக்குழாய் அங்கே அடைத்துக்கொண்டு விரிசல் விட்டு, சூட்டை மேல்தட்டில் கக்கிக்கொண்டிருந்தது. "பாருங்க, வாயில்லாததே சாட்சி சொல்லுது" என்றார். நான் அறிவியல் ஆசிரியராக இருந்து, மாணவர்களுக்குச் சோதனை, உற்றுநோக்கல், முடிவு என்று மூன்று தலைப்புப் போட்டு நோட்டில் எழுத வைத்தவன். அந்த மூன்றையும் ஒருவர் தக்காளிக் கூடையில் செய்து பார்த்தது அன்றுதான்.

அவர் எப்போதும் சரியாகவே சொன்னார் என்று சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் ஒருவருடைய வண்டிக்கு கிளட்ச் போய்விட்டது என்று சொல்லிப் பிரித்துப் பார்த்து, அது இல்லை என்று தெரிந்ததும், எங்கள் ஊரான இண்டூருக்கே வந்து அவர் வீட்டு வாசலில் நின்று, "நான் சொன்னது தப்புங்க. நான் சரியாக் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பு எங்கே நடந்தது என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. பார்த்ததில் இல்லை, கேட்டதில்.

இனி என் வண்டியின் கதையைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் அவருக்கு நான் பட்ட கடனைச் சொல்ல முடியாது.

சகுந்தலாவுக்குச் சிறுநீரகங்கள் வேலை செய்வதை நிறுத்தி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் சேலத்துக்குப் போகவேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போகலாமே என்று பலர் சொன்னார்கள். ஆரம்பத்திலிருந்து பார்த்த மருத்துவரை விட அவளுக்கு மனமில்லை. பஸ்ஸில் ஏறி இறங்க அவளால் முடியாது. ஆகவே எங்களிடம் இருந்த பழைய காரும், அதை ஓட்டும் நானும்தான் வழி. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன், "அதை வித்துடுங்கப்பா, இந்த வயசுல எதுக்கு ஓட்டறீங்க" என்று வாரம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சித்திரை மாதத்தில் அந்தக் கார் ஒரு புது வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் ஓடும்போது சூட்டைக் காட்டும் முள் பாதியில் நிற்கும். சுங்கச்சாவடியிலோ தருமபுரி நாலு ரோட்டிலோ ஐந்து நிமிடம் நின்றால் மேலே ஏறும். மறுபடி நகர்ந்தால் இறங்கும். சைக்கிளில் போகிறவரை நினைத்துப் பாருங்கள். மிதிக்கும் வரை வியர்வை தெரியாது, காற்று அடித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தி இறங்கினால்தான் சட்டை நனையும். காரும் அப்படித்தான். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நிற்கும்போது அந்தக் காற்று இல்லை. அதற்குத்தான் உள்ளே ஒரு விசிறி. ஆகவே முதலில் விசிறியைத்தான் பார்க்கவேண்டும். நானும் பார்த்தேன். விசிறி நன்றாகச் சுற்றியது. எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருவரும் பார்த்தார். சுற்றியது. அதனால் விசிறியைக் குற்றமற்றது என்று விடுதலை செய்துவிட்டோம். அந்த மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். ரேடியேட்டரை இறக்கிக் கழுவினார். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்பு அடைக்கத்தான் செய்யும் என்று என்னைக் கடிந்தும் கொண்டார். கடைசியில், "ஹெட்டை எறக்கணும் சார், பத்து நாள் ஆவும்" என்றார். எஞ்சினின் மேல்பாகத்தையே கழற்றும் பெரிய வேலை அது. பத்து நாளில் மூன்று முறை டயாலிசிஸ் வரும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. இறக்கத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையில்தான் நாள் அதிகம். அதனால் செவ்வாய்க் காலையில் உடம்பில் தேங்கிய நீரால் சகுந்தலாவுக்கு மூச்சு வாங்கும். முள் ஏறியது. ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரிந்த பாடம். போட்டேன். சித்திரை வெயிலில், மூச்சு வாங்கும் மனைவியின் முகத்தில் சுடுகாற்றை அடிக்கவிட்டுவிட்டு, நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் திறந்து இறங்கி, காரின் முன்பக்கமாகச் சுற்றிப் போய்ச் சாலையோரச் சுவரில் உட்கார்ந்தாள். நான் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பின்னால் வைத்திருந்த பத்து லிட்டர் கேனை எடுத்து ஊற்றினேன். அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. அன்றைய பங்கில் பாதி அதற்குள் தீர்ந்திருந்தது.

கேன் காலியாவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அது கேட்டா கேன் கேனா ஊத்தறீங்க. எனக்கு மட்டும் டம்ளரு."

சிரிக்கத்தான் சொன்னாள். என்னால் முடியவில்லை. இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அடுத்தவர் காத்திருந்ததால் அன்று அவளுக்கு முழு நேரம் கிடைக்கவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால் என்ன ஆகும் என்பதை மருத்துவர் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் மட்டும் மாதையனிடம் போனேன். அதுவரை பழக்கமில்லை, ஆசிரியர் நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பினார். நான் எல்லாவற்றையும் ஒழுங்காக, வரிசையாகச் சொன்னேன். பாடம் நடத்துவது போலவே சொல்லியிருப்பேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "தனியா வந்திருக்கீங்க. ஊட்டுல அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க சார்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "வண்டி ஓட்டறது நான்தானே?"

"அதனாலதாங்க."

அடுத்த நாள் அவளை அழைத்துப் போனேன். ஸ்டூல் வந்தது. டீயை அவள் குடிக்க முடியாது என்று சொன்னதும், தனக்கு வந்த டீயையும் அவள் எதிரில் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். எஞ்சினை ஓடவிட்டு, கேட்க ஆரம்பித்தார். எங்கே நிற்கும்போது ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில், ஏசி போட்டிருந்ததா, என்ன வாசனை வந்தது. சகுந்தலா ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"அப்பறம்?" என்றார்.

"அப்பறம் ஒண்ணுமில்லீங்க தம்பி."

அவர் பேசவில்லை. காத்திருந்தார். அவர் காத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு, நாள் முழுக்க நேரம் இருக்கிறது என்பது போல நிற்பார்.

"சும்மா ஒண்ணு. சொன்னா இவரு சிரிப்பாரு."

"சும்மான்னு சொல்றீங்களே, அதுதாம்மா எனக்கு வேணும்."

"தொப்பூருல எறங்கி வண்டிக்கு முன்னால போனேன். மொழங்காலுல குபுகுபுன்னு சூடு காத்து அடிச்சுது. முந்தானை வெளிப்பக்கமாப் பறந்துச்சு. முன்னெல்லாம் அப்படி அடிக்காதேன்னு இவருகிட்ட சொன்னேன். எஞ்சின் கொதிச்சா சூடு வராம பன்னீரா தெளிக்கும்னு கேட்டாரு."

மாதையன் என்னைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக் கேட்டார். "முந்தானைய உள்ள இழுக்கல?"

"இல்லீங்க. வெளிய தள்ளுச்சு."

அதற்குள் எஞ்சின் சூடேறி விசிறி ஓட ஆரம்பித்தது. "பாருங்க, சுத்துது" என்றேன் நான். அவர் ஒரு காகிதம் கேட்டார். சகுந்தலா கைப்பையிலிருந்து மருத்துவமனைச் சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதை வண்டியின் முன்பக்கக் கம்பிகளுக்கு எதிரில் பிடித்துக் கையை விட்டார். விசிறி சரியாக இருந்தால் காற்றை உள்ளே இழுக்கவேண்டும். காகிதம் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அது பறந்து போய் டீக்கடைப் பெஞ்சுக்குக் கீழே விழுந்தது.

பெஞ்சில் இருந்த டிரைவர் ஒருவர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "வாத்தியாரு வண்டி ஊதுதுப்பா" என்றார்.

விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தலைகீழாக. எஞ்சினின் சூட்டையே எடுத்து ரேடியேட்டர் மேல் ஊதிக்கொண்டிருந்தது. சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று அதை வென்றுவிடும். நின்றால் விசிறி வென்றுவிடும். எல்லாரும் சுற்றுகிறதா என்று பார்த்தோமே தவிர, எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். அதைத் தலைகீழாக மாட்டியவன் நான். அந்தச் சித்திரைத் தொடக்கத்தில் விசிறி மோட்டார் எரிந்துபோயிருந்தது. புது மோட்டார் வாங்கி வந்தால் அதன் பிளக் வண்டியோடு பொருந்தவில்லை. எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் குலதெய்வக் கோயிலுக்குக் கிடா வெட்டப் போயிருந்தார். மறுநாள் சேலம் போகவேண்டும். சகுந்தலா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு வயர்களையும் நானே முறுக்கி, டேப் சுற்றினேன். பழைய வயர்களில் நிறமே தெரியவில்லை. சாவியைத் திருப்பியதும் விசிறி சுற்றியது. அன்று நான் அடைந்த பெருமையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. மின்னோட்டத்தின் திசை மாறினால் மோட்டார் சுற்றும் திசை மாறும் என்று, இடது கையின் மூன்று விரல்களை விரித்துப் பிடிக்கச் சொல்லி, முப்பது ஆண்டுகள் பத்தாம் வகுப்புக்கு நடத்தியவன் நான். தேர்வில் அது ஐந்து மதிப்பெண் கேள்வி.

மாதையன் குனிந்து அந்த டேப்பைப் பார்த்தார். பிறகு ஒரு முறை என்னைப் பார்த்தார். நிமிர்ந்து சகுந்தலாவிடம் சொன்னார்: "பழைய வண்டிங்கம்மா. வயரு கலரு அழிஞ்சு போச்சு. யாரு போட்டிருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பாங்க. ஹெட்டும் நல்லாருக்கு, ரேடியேட்டரும் நல்லாருக்கு. நீங்க சொன்னதுதான் சரி."

அவள் ஸ்டூலில் இருந்து எழுந்து டீக்கடைப் பக்கம் நிழலுக்குப் போனதும், பானெட்டுக்கு அடியில் தலையை விட்டபடி என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நோட்டுக்கு அட்டை போட்ட மாதிரி சுத்தியிருக்கீங்க சார். பிரிக்க மனசே வரல."

டேப்பைப் பிரித்துக்கொண்டே தொடர்ந்தார்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்."

சொல்கிறேன் என்றேன். வயர்களை மாற்றிப் போட்டார். அதே சீட்டை எடுத்துக் கம்பிக்கு எதிரில் விட்டார். ஒட்டிக்கொண்டு நின்றது. சகுந்தலா தூரத்தில் இருந்தே பார்த்துத் தலையசைத்தாள். கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதிதும் போட்டுவிட்டார். "வேல செய்யறத எதுக்குக் கழட்டறாங்கன்னு தெரியல" என்று முணுமுணுத்தது மட்டும் கேட்டது.

அதற்கு அடுத்த மாதமும் தொப்பூரில் நின்றோம். முக்கால் மணி நேரம். முள் பாதியில் நின்றது நின்றபடி இருந்தது. சகுந்தலா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாகக் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையில் நிற்பதில் அத்தனை நிம்மதி இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்கமாட்டேன்.

ஆனால் அவளிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டது மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டது. சிறிய விஷயம்தான். மூச்சு வாங்கிய அவள் முகத்தில் ஹீட்டரை அடித்தவன் நான், அதற்குக் காரணமும் நான் என்று சேர்த்துச் சொல்லவேண்டியிருந்ததால் பெரிதாகிவிட்டது. மாதையன் ஒரே ஒரு முறை கேட்டார். "சொல்லிட்டீங்களா சார்?" இன்னும் இல்லை என்றேன். "செரி, வண்டி ஓடுதில்ல" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அதன் பிறகு கேட்கவே இல்லை.

அந்தச் செவ்வாய், டயாலிசிஸ் முடிந்து, காரில் உட்கார வைத்த பிறகுதான் சகுந்தலாவிடம் செய்தியைச் சொன்னேன்.  "நேரா அங்க போங்க" என்றாள். முடியுமா என்றேன். "போங்க" என்றாள்.

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒர்க்‌ஷாப்பில் பாதி பிரித்த வண்டி ஒன்று நின்றது. வீட்டின் முன் பந்தலில் கூட்டம். வந்திருந்த ஆண்களில் பலர் மனைவியோடு வந்திருந்ததைப் பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற டாக்சி டிரைவர் ஒருவர் தன் மனைவியிடம், "இவருகிட்ட தனியா வந்தா திருப்பி அனுப்பிடுவாருடி" என்றார். சொல்லிவிட்டு அவர்தான் அழுதார். ரத்தினம்மா சகுந்தலாவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒடம்போட வந்தீங்களாக்கா" என்றார். சகுந்தலாவுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. எடுக்கும் வரை நின்றுகொண்டே இருந்தாள்.

திரும்பக் காரில் ஏறியதும் சாவியைத் திருப்பாமல் சொன்னேன். "அந்த விசிறி வயரை மாத்திப் போட்டது நான்தான்."

"தெரியுங்க."

"எப்பத்திலிருந்து?"

"அன்னிக்கே. காகிதம் பறந்ததும் எல்லாரும் காகிதத்தப் பாத்தாங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா, நமக்கு வயசாயிடுச்சுன்னு வண்டிய வித்திருப்பீங்க. பையனும் அதத்தான் சொல்லிட்டிருந்தான். அப்பறம் நான் எப்படிப் போவேன் வருவேன்? அதான் உட்டுட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சேர்த்துச் சொன்னாள்: "தப்பு பண்ணினது தெரிஞ்சும் ஓட்டறீங்களே, அது போதும்னு இருந்தேன்."

இண்டூர் வரும் வரை என் மனதில் ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓட்டுவதை விட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை விட்டுவிட்டாள் என்றால், வேறு எதையெல்லாம் விட்டுவிட்டிருக்கிறாள்?

வெள்ளிக்கிழமை மருத்துவர் பார்வைக்கு வந்தார். நல்லவர், ஆனால் நாற்பது பேரைப் பார்க்க வேண்டியவர். வழக்கம்போலக் கோப்பைப் பிரித்து, என்னைப் பார்த்து, "எப்படி இருக்காங்க சார்?" என்றார். ஐந்து ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். எடை, அழுத்தம், தூக்கம், பசி எல்லாம் நோட்டில் குறித்து வைத்திருப்பேன். நல்ல மாணவன் போல ஒப்பிப்பேன். அவருக்கும் அது வசதி. நான் அவளுக்கு எவ்வளவு நல்ல வக்கீலாக இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அவங்களையே கேளுங்க டாக்டர்" என்றேன்.

சகுந்தலா என்னைப் பார்த்தாள். "நல்லாதாங்க இருக்கேன்" என்றாள். மருத்துவர் பக்கத்தைத் திருப்பப் போனார்.

"அப்பறம்?" என்றேன் நான்.

"அப்பறம் ஒண்ணுமில்ல."

நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆசிரியருக்கு அது வராத வித்தை. மருத்துவரும் ஏனோ காத்திருந்தார்.

"மூணாவது மணி நேரத்துல ரெண்டு காலும் இழுத்துப் புடிச்சுக்குதுங்க" என்றாள். "கட்டையா ஆயிடும். பல்லக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருப்பேன். அப்பறம் செரியாயிடும்."

"எத்தனை நாளாம்மா?"

"ரெண்டு வருசமா."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க இவரைத்தானே கேப்பீங்க. இவரு வெளிய உக்காந்திருப்பாரு. இவருக்கு எப்படித் தெரியும்?"

மருத்துவர் கோப்பை மூடி வைத்துவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தார். நிறையக் கேட்டார். இயந்திரம் நீரை எடுக்கும் வேகத்தைக் குறைத்து, நேரத்தை அரை மணி கூட்டி எழுதினார்.

மாதையனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: கேட்க வேண்டிய ஆளைக் கேட்பது, கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பது. அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு இது போதும். அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு செய்தி இருக்கிறது. சொல்ல முடியாததால் உங்களிடம் சொல்கிறேன். நேற்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது மணி நேரம் தொடங்கியதும் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றேன். நர்ஸ் வெளியே வந்து உதட்டில் விரல் வைத்தார். "தூங்கறாங்க சார்."